வாட்டா, பலகையா? அமெச்சூர் சைக்ளோகிராஸ் பயிற்சி: ஓர் ஒப்பாய்வு

சைக்ளோகிராஸ் குளிர்காலத்து விளையாட்டு. செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை, பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் ஞாயிறு தவறாமல் ஏதாவது ஓர் ஊரின் புல்வெளியிலோ மணல்மேட்டிலோ கோட்டைச் சரிவிலோ பந்தயம் நடக்கும். வண்டியைப் பார்த்தால் வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிள் போலத்தான் இருக்கும். டயரில் மட்டும் சேற்றைப் பற்றும் பட்டன்கள். சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் விதிப்படி டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர். அதற்குள் சேறு, மணல், படிக்கட்டு, பக்கவாட்டுச் சரிவு எல்லாம் வரும். குறுக்கே இரண்டு மரப்பலகைகளும் நிற்கும். அவற்றின் உயரம் 40 சென்டிமீட்டருக்கு மிகாது. முதல்தர வீரர்களில் ஆண்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரமும் பெண்கள் 50 நிமிடமும் ஓட்டுகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பந்தயத்துக்கு வரும் அமெச்சூர்களுக்கு 30 முதல் 45 நிமிடம்.

அந்த அமெச்சூரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அலுவலகம், குழந்தைகள், வீட்டு வேலை போக வாரத்தில் அவர் கையில் மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம். அதில் கடுமையாக உழைக்கக்கூடியது இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு மணி நேரத்தை உடம்பின் எஞ்சினைப் பெருக்கும் இன்டர்வெல் பயிற்சிக்குக் கொடுப்பதா, இறங்கவும் ஏறவும் வளையவும் கற்றுக்கொள்ளும் திறன் பயிற்சிக்குக் கொடுப்பதா? இரண்டுக்கும் சரிபாதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், யாருக்கும் பயனும் இருக்காது. அமெச்சூர்கள் இந்தப் பங்கீட்டைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களை, எதிர்த்தரப்புக்கும் உரிய இடம் கொடுத்தே சொல்கிறேன்.

முதலில் இன்டர்வெல். சாலைப் பந்தயத்தில் கூட்டத்தின் நடுவே ஒளிந்துகொண்டு அரை மணி நேரம் மூச்சு வாங்கலாம். சைக்ளோகிராஸில் அதற்கு வழியே இல்லை. மிதியின் வலுவை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் பூட்டிய வண்டியின் பதிவை எடுத்துப் பார்த்தால் கோடு ரம்பப்பல் போல ஏறி இறங்கும். பத்து விநாடி முழு மிதி, பிறகு வளைவுக்காக பிரேக், அப்போது வாட் பூஜ்யம், உடனே மறுபடியும் முழு மிதி. கால்கள் இப்படித் துள்ளிக்கொண்டிருக்க, இதயத் துடிப்பு மட்டும் முதல் இரண்டு நிமிடத்திலேயே உச்சத்துக்குப் பக்கத்தில் போய்க் கடைசிவரை இறங்காமல் நிற்கும்.

இந்த வடிவத்தை அப்படியே நகல் எடுப்பதுதான் இன்டர்வெல்லின் தர்க்கம். இதற்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாதா 1996இல் வெளியிட்ட ஆய்வு. ஸ்பீட் ஸ்கேட்டிங் பயிற்சியாளர் இரிசாவா கோயிச்சி தம் வீரர்களுக்குக் கொடுத்துவந்த முறையைத்தான் அவர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு குழு வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் மிதமாக மிதித்தது. இன்னொரு குழு 20 விநாடி வெறித்தனமாக மிதித்து, 10 விநாடி நின்று, இப்படி ஏழெட்டு முறை செய்தது. மொத்தமே நாலு நிமிடம்தான். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் இரண்டு குழுவுக்கும் கூடியிருந்தது. ஆக்சிஜன் போதாத நிலையிலும் உழைக்கும் திறனோ நாலு நிமிடக் குழுவுக்கு மட்டும் 28 சதவீதம் கூடியிருந்தது. மிதமாக மிதித்தவர்களுக்கு அதில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. வளைவுக்கு வளைவு எகிற வேண்டிய ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான சேதி கிடைக்காது.

நடைமுறையில் சைக்ளோகிராஸ்காரர்கள் அதிகம் நாடுவது 40/20. நாற்பது விநாடி அழுத்தம், இருபது விநாடி தளர்வு, இப்படிப் பத்து முறை. ஐந்து நிமிடம் சும்மா மிதித்துவிட்டு மறுபடியும் பத்து. முதல் மூன்றும் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆறாவதில் தோள்கள் காதுவரை ஏறிவிடும், இருபது விநாடி ஓய்வு தொடங்குவதற்குள் முடிந்துபோகும். எட்டாவதில் வாட் எண் சரிந்தால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. அதற்கு மேல் மிதிப்பது உடம்பைக் களைப்பாக்குமே தவிர பலமாக்காது.

இதோடு தொடக்கப் பயிற்சியும் உண்டு. ஒரு கால் பெடலில் பூட்டி, மறுகால் தரையில் ஊன்றி நின்று, விசிலுக்குப் பாய்ந்து இருபது விநாடி. பந்தயத்தின் முதல் குறுகலான வளைவுக்குள் யார் முன்னால் நுழைகிறார்கள் என்பது பாதிக் கதையை முடிவு செய்துவிடும் என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வலிக்கும், பலன் தரும்.

இனி மறுபக்கம். பார்வைக்குச் சாதுவாகத் தெரிவதால்தான் திறன் பயிற்சி ஏமாற்றுகிறது. பலகைத் தடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம்மூர் தபால்காரர் பழைய சைக்கிளிலிருந்து இறங்கும் விதம் நினைவிருக்கிறதா? வலது காலைச் சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவந்து, இடது பெடல் மேல் நின்றபடியே உருண்டு வந்து, வீட்டு வாசலில் குதிப்பார். சைக்ளோகிராஸ் இறக்கமும் அடிப்படையில் அதேதான். இங்கே கூடுதலாக இருப்பவை இரண்டு: வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரில் வருகிறது, இடது ஷூ பெடலோடு பூட்டிக் கிடக்கிறது.

அதனால் உடம்பின் எடையை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலது கால் பின்னால் சுழன்று வரும்போது வலது கை ஹேண்டிலை விட்டு மேல் பாரில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இடது கை பிரேக் பிடியிலேயே இருக்கும். பாரில் ஊன்றிய கை எடையைத் தாங்கினால்தான் இடது குதிகாலை வெளிப்பக்கம் திருப்பி ஷூவை விடுவிக்க முடியும். எடை முழுவதும் இடது பெடலிலேயே நின்றால் பூட்டு விடாது. பூட்டு விடாத காலோடு பலகையைச் சந்திப்பவர் முகத்தால்தான் நிற்பார். கால் தரையைத் தொட்டதும் பாரைப் பிடித்த கை வண்டியைத் தூக்குகிறது. இரண்டு பலகைக்கும் நடுவே உள்ள நாலைந்து மீட்டரில் காலடிகள் குழம்பாமல் விழ வேண்டும்.

ஏறுவது இன்னும் நுட்பம். புதியவர்கள் சீட்டின் மேல் குதித்து உட்காரப் பார்ப்பார்கள். அது வலிக்கும் என்று உடம்புக்குத் தெரியும், எனவே குதிக்கும் முன் ஒரு சின்னத் தயக்கம், அதிகப்படியாக ஓர் எட்டு. அந்த ஓர் எட்டில் வண்டியின் வேகம் செத்துவிடும். சரியான முறையில் குதிப்பே கிடையாது. ஓடிய வேகத்தில் இடது காலால் உந்தி, வலது தொடையின் உள்பக்கம் முதலில் சீட்டைத் தொட, அங்கிருந்து வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வருவது. இதை நடை வேகத்தில், பலகையே இல்லாமல், ஈரப் புல்லில் பழக வேண்டும். பிறகு தரையில் ஒரு குச்சி, பிறகு 20 சென்டிமீட்டர் பலகை, கடைசியில் 40. உற்சாகமானவர்கள் முதல் நாளே 40க்குப் போய், முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு, இதெல்லாம் நமக்கு வராது என்று வீட்டுக்குப் போய் வாட் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

வளைவு, பக்கவாட்டுச் சரிவு, மணல், சேற்றில் விழுந்த சக்கரத் தடம் என்று பட்டியல் நீளும். இவற்றை எந்த வரிசையில் பழகுவது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு வழி சொல்கிறது. 1979இல் ஷீ, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள் சிறு மரத்தடைகளைக் கையால் தட்டிவிடும் மூன்று விதமான வரிசைகளைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சிலர் முதல் வரிசையை முழுக்க முடித்து இரண்டாவதுக்குப் போனார்கள். சிலர் மூன்றையும் கலந்துகட்டிச் செய்தார்கள். பயிற்சியின்போது கலந்து செய்தவர்கள் தடுமாறினார்கள். பிறகு நடந்த சோதனையிலோ அவர்களே நன்றாகச் செய்தார்கள். மரத்தடையில் தொடங்கிய இந்த ஆய்வு மரத்தடை தாண்டும் விளையாட்டுக்குப் பொருந்துவது தற்செயல்தான். ஆனால் பாடம் தெளிவு. இறங்கி ஏறுவது ஓரளவு கைவந்ததும் ஒரே வளைவை இருபது முறை சுற்றுவதை விட்டுவிட்டு, பலகை, இடது வளைவு, சரிவு, வலது வளைவு என்று கலைத்துப் போட வேண்டும். அன்று மாலை அசிங்கமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் தளரக்கூடாது.

இப்போது ஒப்பிடுவதில் உள்ள சிக்கலுக்கு வருவோம். இன்டர்வெல் எண்ணில் பேசுகிறது. போன மாதம் 270 வாட், இந்த மாதம் 278 என்று திரையே சொல்லிவிடும். திறன் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் காட்டுவதற்குச் சேறு அப்பிய ஷூவைத் தவிர வேறு ஒன்றுமில்லை. அமெச்சூர்கள் திறனைக் கைவிடுவதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே திறனையும் வாட்டாக மாற்றிப் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. ஒரு வளைவில் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டராகக் குறைந்து, வெளியே வந்ததும் 20க்கு ஏற வேண்டும் என்றால் அந்த முடுக்கத்துக்கு மட்டும் ஏறக்குறைய 790 ஜூல் ஆற்றல் செலவாகும். அதே வளைவை 15 கிலோமீட்டரில் கடந்து வந்தால் 540 ஜூல் போதும். மிச்சம் 250 ஜூல். சுற்றுக்கு இருபது வளைவு, ஆறு சுற்று என்றால் 120 வளைவுகள், மொத்தம் 30,000 ஜூல். 45 நிமிடப் பந்தயத்தில் இதைப் பரப்பினால் சராசரி 11 வாட். நேரத்தின் கணக்கு தனி. பலகையில் சுற்றுக்கு மூன்று விநாடி மிச்சமானால் ஆறு சுற்றில் 18 விநாடி. அமெச்சூர் பந்தயத்தில் அந்த இடைவெளிக்குள் நாலைந்து பேர் இருப்பது சாதாரணம்.

ஏற்கெனவே ஓரளவு பயிற்சி உள்ள ஒருவர் தம் சராசரியில் 11 வாட் கூட்டப் பல வாரம் 40/20 செய்து இருமித் தீர்க்க வேண்டும். வளைவில் 3 கிலோமீட்டர் கூடுதல் வேகமோ, பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடுவது, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதன் மேல் எடையைப் போடுவது, பார்வையை முன்சக்கரத்திலிருந்து எடுத்து வளைவு முடியும் இடத்தில் வைப்பது என்ற மூன்று பழக்கங்களில் ஒளிந்திருக்கிறது. டயர் காற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சாலையில் ஓட்டிப் பழகியவர் கல் மாதிரி காற்றடித்து வருவார். சேற்றில் 1.5 பார் அளவுக்கும் கீழே இறக்கலாம் என்பது திறன் பயிற்சிக்கு வந்து, ஒரே வளைவில் இரண்டு விதக் காற்றோடு போய்ப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் இது: பெரிய வீரர்களைப் பாருங்கள், வெல்வது எஞ்சின்தானே? மத்தியூ வான் டெர் போல் 2025இல் ஏழாவது உலகப் பட்டத்தை வென்று எரிக் டி விளாமிங்கின் சாதனையை எட்டினார். அவரே சாலையில் பாரி-ரூபே போன்ற பந்தயங்களை வெல்பவர். வவுட் வான் ஆர்ட்டும் அப்படித்தான். உண்மை. ஆனால் அவர்களுக்கு எதிரே நிற்பவர்களும் பத்து வயதிலிருந்து சேற்றில் புரண்டவர்கள். திறனில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றால் மிச்சமுள்ள வித்தியாசம் எஞ்சின்தான். அமெச்சூர் களத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே நல்ல நுரையீரல் கொண்ட சாலை ஓட்டக்காரர்கள் நிறைய, ஒழுங்காக இறங்கத் தெரிந்தவர்கள் குறைவு.

மேல்மட்டத்திலும் திறன் முடிவு செய்த நாட்கள் உண்டு. பெல்ஜியக் கடற்கரையை ஒட்டிய கோக்சைடவின் மணல்மேடுகளில் 2012இல் உலகப் போட்டி நடந்தது. முதல் ஏழு இடத்திலும் வந்தவர்கள் பெல்ஜியர்கள், வென்றவர் நீல்ஸ் ஆல்பர்ட். மற்ற நாட்டுக்காரர்களுக்கு நுரையீரல் இல்லாமல் போகவில்லை. ஆழமான மணலில் ஹேண்டிலைத் திருப்ப நினைத்தாலே முன்சக்கரம் புதைந்துவிடும். வேகத்தோடு நுழைந்து, எடையைப் பின்னுக்குத் தள்ளி, கைகளைத் தளர்த்தி, வண்டி தடத்தில் தானே வழி தேட விட்டுவிட்டு மிதியை மட்டும் நிறுத்தாமல் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை மணலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கே எளிதாக வருகிறது.

ஸ்வென் நைஸ் இன்னொரு சாட்சி. சிறு வயதில் பிஎம்எக்ஸ் ஓட்டியவர். மற்றவர்கள் இறங்கி ஓடும் பலகையைச் சைக்கிளோடு துள்ளித் தாண்டியதால் பெயர் பெற்றவர். அமெரிக்காவின் லூயிவில்லில் 2013இல், ஐரோப்பாவுக்கு வெளியே முதல்முறையாக நடந்த உலகப் போட்டியை வென்றபோது அவருக்கு வயது 36. நடுத்தர வயது அமெச்சூர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்டர்வெல்லால் வந்த உச்சம் இரண்டு மூன்று வாரம் படுத்துவிட்டாலே சரியத் தொடங்கும். கைவந்த இறக்கம் அடுத்த வருடமும் கையில் இருக்கும். அதற்காக நைஸைப் பார்த்து எல்லாரும் பலகையைத் துள்ளப் போக வேண்டாம். திங்கட்கிழமை விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவருக்கு ஓடித் தாண்டுவதே போதும். நன்றாக ஓடித் தாண்டுபவர் இழப்பது மிகச் சொற்பம்.

சரி, இரண்டையும் கலந்துவிட்டால்? ஊர்ப் பூங்காவில் புதன்கிழமை மாலை ஒரு சுற்று அமைத்து எல்லாரும் சேர்ந்து ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். நல்ல கூட்டம், நல்ல அரட்டை. பத்தாவது நிமிடத்தில் யாரோ ஒருவர் முந்துவார், மீதிப் பேர் துரத்துவார்கள், அத்தோடு அது பந்தயமாகிவிடும். இன்டர்வெல்லாகப் பார்த்தால் வளைவுகள் குறுக்கிட்டு அழுத்தம் உடைகிறது. திறனாகப் பார்த்தால் மூச்சுத் திணறும் ஆள் புதிதாக எதையும் கற்பதில்லை, பழைய தப்பையே வேகமாகச் செய்கிறார். கலவை இரண்டையும் நீர்க்கச் செய்துவிடுகிறது.

கலக்க வேண்டிய இடம் ஒன்று மட்டும் உண்டு. திறன் கைவந்த பிறகு, அது களைப்பில் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். கடைசிச் சுற்றில் கால் கனக்கும்போதுதான், வண்டியில் ஏறும் முன் வைக்கும் அந்த அதிகப்படியான எட்டு திரும்பி வரும். எனவே முதலில் புத்துணர்ச்சியோடு இருபத்தைந்து நிமிடம் திறன், பிறகு நேர்க்கோட்டில் இன்டர்வெல், கடைசியாகக் களைத்த காலோடு ஐந்தாறு முறை பலகை. இந்த வரிசையை மாற்றினால் பயனில்லை.

பருவமும் வெளிச்சமும் இந்தப் பங்கீட்டில் மூக்கை நுழைக்கின்றன. டிசம்பரில் ஃபிளாண்டர்ஸில் நாலே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். இன்டர்வெல்லை வீட்டுக்குள், பின்சக்கரத்தை டிரெய்னரில் பூட்டி வைத்து, செய்துகொள்ளலாம். இருட்டில் பலகையைத் தாண்ட முடியாது. ஆகஸ்டில் எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும்போது பலரும் சாலையில் நூறு கிலோமீட்டர் போய்விட்டு, அக்டோபரில் பலகையைத் தேடுகிறார்கள். இதைத்தான் தலைகீழ் என்றேன். பந்தயங்கள் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் தானாகவே ஒரு கடும் இன்டர்வெல். வாரநாளில் இன்னொன்று போதும், மூன்றாவது களைப்பை மட்டுமே தரும். ஆனால் எந்தப் பந்தயமும் புதிதாக ஏறி இறங்கக் கற்றுத்தராது.

ஆக என் பங்கீடு இதுதான். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வாரத்துக்கு இரண்டு மாலை திறன், ஒரு மாலை இன்டர்வெல். அக்டோபர் முதல் ஒரு மாலை டிரெய்னரில் 40/20, சனிக்கிழமை காலை வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் திறன், ஞாயிறு பந்தயம். இரண்டு மூன்று பருவம் இப்படி ஓட்டி, வளைவிலும் பலகையிலும் முன்னால் போகிறவரோடு ஒட்டிக்கொண்டு, நேர்க்கோட்டில் மட்டும் பின்தங்குகிறவர் இன்டர்வெல்லுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம். அதுவரை பவர் மீட்டருக்கென்று சேர்த்து வைத்திருக்கும் பணம் அப்படியே இருக்கட்டும். மரக்கடையில் இரண்டு பலகை வாங்கி, 20 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தி, இந்த ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்.